பூசணிப் பிஞ்சு வெம்பி விழுது, இலையெல்லாம் ஓட்டை. மருந்து அடிக்காம வழி உண்டா?

கொடிவீடு:
வணக்கம். மஞ்சள் பூசணிக் கொடி நல்லா ஓடுது, பூவும் நிறைய. ஆனா பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி, நுனி அழுகி விழுந்துடுது. இலையில வட்ட வட்டமா ஓட்டை. ஆரஞ்சு நிற வண்டு உட்கார்ந்திருக்கு, கையைக் கொண்டுபோனா பறந்துடுது. வேப்பெண்ணெய் அடிச்சும் பிஞ்சு விழுறது நிக்கல. சமைக்கிற காய்ங்கிறதால கடுமையான மருந்து வேண்டாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பந்தல்காரர்:
ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. இலையைத் தின்கிறது சிவப்பு பூசணி வண்டு. பிஞ்சு விழுறதுக்குக் காரணம் பெரும்பாலும் வேற. விழுந்த பிஞ்சை நீளவாக்குல வெட்டிப் பாருங்க. உள்ளே வெள்ளைப் புழு நெளிஞ்சா பழ ஈ. புழுவே இல்லாம சூம்பிப் போயிருந்தா மகரந்தம் சேரல, அதுக்கு எந்தப் பூச்சி மருந்தும் உதவாது.

கொடிவீடு:
வெட்டிப் பார்த்தேங்க. சிலதுல ஒண்ணுமில்ல. சிலதுல புழு. புழு இருந்த பிஞ்சோட தோல்ல ஊசி குத்தின மாதிரி புள்ளி, அதுலேர்ந்து பிசின் வழிஞ்சு காஞ்சிருக்கு.

பந்தல்காரர்:
அப்ப ரெண்டு காரணமும் இருக்கு. அந்தப் புள்ளிதான் ஈ முட்டை வச்ச இடம். முட்டை தோலுக்குள்ள போயிடுறதால மேல என்ன தெளிச்சாலும் அதைத் தொடாது. வேப்பெண்ணெய் கேக்கலைன்னு நீங்க சொன்னதுக்குக் காரணம் இதுதான். முட்டை வைக்கிறதுக்கு முன்னாடியே தடுக்கணும்.

பெண் பூவுக்கு அடியில குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். காலையில பூ விரிஞ்சதும் ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, நடுவுல இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவோட நடுவுல இருக்கிற சூல்முடியில தடவுங்க. வெயில் ஏறினா பூ மூடிக்கும். அடுத்த நாள் பூ வாடினதும் பிஞ்சுக்குப் பை போட்டுடுங்க. ரெண்டு மடிப்புச் செய்தித்தாள் பை போதும், காம்புப் பக்கம் நூலால கட்டணும். வலைப் பைன்னா காயில ஒட்டாம தளர்வா இருக்கணும், ஒட்டினா ஈ வலை வழியாவே குத்திடும். பாலித்தீன் பையை இறுக்கிக் கட்டினா உள்ள வேர்த்துக் காய் அழுகும்.

விழுந்த பிஞ்சை அங்கேயே விடாதீங்க, உரக்குழியிலயும் போடாதீங்க. புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயா வெளியே வரும். பிளாஸ்டிக் பையில கட்டி வெயில்ல நல்லா வாட்டிட்டு அப்புறம் வீசுங்க. பை போடுறதைவிட இதைத்தான் பலபேர் விட்டுடுறாங்க.

பச்சைக்கை:
வண்டுக்கு நான் சொல்றேன். விடியற்காலையில அதுங்க மந்தமா இருக்கும், பறக்காது. சோப்புத் தண்ணி உள்ள கிண்ணத்தை இலைக்கு அடியில பிடிச்சுத் தட்டினா பொத்துன்னு விழும். பனி ஈரத்தோட சாம்பல் தூவினாலும் இலையை அவ்வளவா கடிக்காது. பூவுல மட்டும் படக்கூடாது.

பந்தல்காரர்:
சாம்பல் மழை வந்தா போயிடும், திரும்பத் தூவணும். வண்டு முட்டை வைக்கிறதும் கொடியோட தூருக்குப் பக்கத்து மண்ணுலதான், அதோட புழு வேரைத் தின்னும், தரையில கிடக்கிற காயையும் துளைக்கும். தூரைச் சுத்தி மண்ணை மேலாக் கிளறிவிடுங்க, வேர் அறுபடாம. காய்க்கு அடியில வைக்கோலோ பலகையோ வையுங்க.

கொடிவீடு:
அடுத்த தடவை விதை போடும்போதே கொசுவலை போட்டு மூடிட்டா?

பச்சைக்கை:
நல்லது. ரெண்டு இலை விடுற பருவத்துலதான் வண்டு நாசம் பண்ணும், வளர்ந்த கொடி தாங்கிடும். ஆனா போன தடவை பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் இருந்த மண்ணுலயே போட்டா பூச்சி வலைக்கு உள்ளேயே முளைச்சு வரும். இடம் மாத்திப் போடுங்க. பெண் பூ வந்ததும் வலையை எடுத்துடணும், இல்லேன்னா தேனீ வராது.

கொடிவீடு:
வாசனையால ஈயை இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி கட்டலாமா?

பந்தல்காரர்:
கட்டலாம், ஆனா உள்ள வைக்கிற வாசனைப் பொருளைக் கியூலூர்னு கேட்டு வாங்குங்க. மாம்பழ ஈக்கு வைக்கிற மெத்தில் யூஜினாலுக்குப் பூசணி ஈ வராது. பொறியில ஆண் ஈ மட்டும்தான் விழும், அதனால பை போடுறதை நிறுத்திடாதீங்க. வேப்பெண்ணெய் வண்டுக்கு வேணும்னா லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க. முதல்ல ஒரு இலையில அடிச்சு, கருகலைன்னா மத்ததுக்கு.