ஃபோர்டு 8என் டிராக்டர்: பின்னால மாட்ட நாலடி கட்டரா, அஞ்சடியா?

கியர்பெட்டி:
8என் (1947–52) வண்டிக்கு நாலடி ரோட்டரி கட்டர்தான் (சுத்துற பிளேடால புல் வெட்டுற கருவி) எல்லைன்னு பலரும் சொல்றாங்க. ஒத்துக்க மாட்டேன். பின்சக்கர இடைவெளியைக் குறைஞ்ச அளவான 48 இஞ்சுல வச்சாலும் டயர் வெளிவிளிம்பு 60 இஞ்சுகிட்ட வந்துடும். நாலடி போட்டா ரெண்டு பக்கமும் டயர் மிதிச்ச புல் படுத்தே கிடக்கும். அஞ்சடிதான் தடத்தை மூடும்.

பட்டறைக்காரன்:
தடம் பத்திச் சொன்னது சரி. ஆனா அகலத்துல அடிக்கு 5 எச்பி வேணும்ங்கிறது பொதுக்கணக்கு, அஞ்சடிக்கு 25. 8என் பிடிஓவுல (கருவிக்குச் சக்தி தர்ற பின்பக்கச் சுழல்தண்டு) புதுசாவே 20 சொச்சம்தான். முதல் கியரே வேகம் அதிகம். அடர்ந்த புல்லுல த்ராட்டிலைக் குறைச்சா பிளேடு வேகமும் சேர்ந்து விழும், புல் வெட்டுப்படாம கிழியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இதுல லைவ் பிடிஓ, அதாவது வண்டி கிளட்சை மிதிச்சாலும் நிக்காம தனியா ஓடுற பிடிஓ, கிடையாது. கிளட்சை மிதிச்சாலும் சுத்திக்கிட்டிருக்கிற பிளேடு பிடிஓ வழியா கியர்பாக்ஸைத் திருப்பி வண்டியை முன்னே தள்ளும். பிளேடு கனமானா தள்ளலும் கூடும்.

கியர்பெட்டி:
அதுக்குத்தான் ஸ்லிப் கிளட்ச் இருக்கே?

பட்டறைக்காரன்:
அது கல்லுல அடிபட்டா வழுக்க வச்சது. வண்டியைத் தள்ளுற விசைக்கு வழுக்காது. ஓவர்ரன்னிங் கப்ளர்தான் வேணும். அது ஒரு பக்கம்தான் கடிக்கும், மறுபக்கம் சும்மா சுத்தும். 8என் பிடிஓ ஷாஃப்ட் 1⅛ இஞ்ச், இப்போ வர்ற கட்டர்கள் 1⅜. உள்பக்கம் 1⅛, வெளிப்பக்கம் 1⅜ இருக்கிற கப்ளரா எடுத்தா தனி அடாப்டர் வேண்டாம்.

கப்ளர் சில இஞ்ச் நீளம் கூட்டும், அதனால பிடிஓவையும் கட்டரையும் இணைக்கிற டிரைவ் ஷாஃப்டை (ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையற ரெண்டு குழாய்) வெட்டியாகணும். கட்டரை மேலும் கீழும் முழுசா ஓட்டிப் பாருங்க. இடைவெளி எங்கே குறைவோ, அங்கே ஷாஃப்ட் முட்டாம ஒரு இஞ்சாவது மிச்சம் இருக்கணும். உள்குழாய், வெளிக்குழாய் ரெண்டையும் ஒரே அளவு வெட்டுங்க. முழுசா நீண்டாலும் மூணுல ஒரு பங்கு உள்ளே இருக்கணும். வெட்டாம மாட்டினா முட்டி, பிடிஓ பேரிங்கும் சீலும் போயிடும்.

வரப்போரம்:
கப்ளர் போட்டதால லைவ் பிடிஓ வந்துடாது, அதை மறக்காதீங்க. கட்டரைத் தூக்குற லிஃப்டோட ஹைட்ராலிக் பம்பும் பிடிஓ ஷாஃப்டுலதான் ஓடுது. கிளட்ச் மிதிச்சு வண்டி நின்னா, பிளேடு சுத்திக்கிட்டிருந்தாலும் லிஃப்ட் தூங்கிடும். மேடு வந்தா முன்கூட்டியே தூக்கணும்.

தடத்துக்காக அஞ்சடி வாங்கத் தேவையில்லை. சில நாலடி கட்டர்களை வலப்பக்கம் தள்ளி மாட்டலாம். வலது விளிம்பு வலது டயரை மூடினா போதும். வெட்டாத புல் வலப்பக்கம் இருக்கிற மாதிரி சுத்தி வாங்க, இடது டயர் வெட்டின இடத்துல ஓடும்.

கியர்பெட்டி:
சுத்தி வர இடம் இருந்தா சரி. மரவரிசைக்கு நடுவுல போய்த் திரும்பி வரணும்னா? புல்லை முழங்காலுக்கு மேல வளரவிடாம, அடர்த்தியான இடத்துல பாதி அகலம் மட்டும் எடுத்தா அஞ்சடியே ஓடும்.

பட்டறைக்காரன்:
பாதி அகலம்தான் எடுக்கணும்னா அஞ்சடி எதுக்கு? வாங்கியே தீருவீங்கன்னா, ஷியர் போல்ட் (பளு மிஞ்சினா முதல்ல உடைஞ்சு மத்ததைக் காப்பாத்துற போல்ட்) இருக்கிற கட்டர்ல மென்மையான கிரேடு 2 மட்டும் போடுங்க. அடிக்கடி உடையுதேன்னு கடினமான கிரேடு 8 முறுக்கினா அடுத்து உடையறது கட்டரோட கியர்பாக்ஸ்.