தாத்தாவின் பிஸ்கட் டின்னில் ஜெர்மன் நோட்டுகள்: எலி, குழலூதி, செர்ரிப்பழம்... இது நிஜப் பணமா?

குன்னூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா குன்னூரில் ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவர். பழைய வீட்டைக் காலி செய்தபோது அவருடைய பிஸ்கட் டின்னில், மளிகைச் சீட்டுகளுக்கு அடியில், உள்ளங்கை அளவு நோட்டுகள் சில கிடைத்தன. ஒன்றில் ஒரு ஆள் குழல் ஊதிக்கொண்டு போகிறான், பின்னால் எலிக்கூட்டம். ஹாமெல்ன் என்று ஊர்ப்பெயர், தொகை 50 ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு). இன்னொன்றில் கறுப்பு நிழலுருவமாகக் குழந்தைகள். ஊர் நௌம்பர்க். மற்றொன்றில் படமே இல்லை, ஒரு பக்கம் மட்டும் அச்சு, மில்லியனில் தொகை. பழைய நாணயம் வாங்குகிற ஒருவரிடம் காட்டினேன். "ஹிட்லர் காலத்து நோட்டு, மொத்தமாக ஐந்நூறு தருகிறேன்" என்றார். கொடுக்க மனசு வரவில்லை. இது புழக்கத்தில் இருந்த பணம்தானா? லேமினேட் செய்து வைக்கலாமா?

அருவங்காடு பழசு:
தங்கச்சி, லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஒருமுறை சூட்டில் ஒட்டிவிட்டால் காகிதத்தைப் பிரிக்கவே முடியாது.

ஹிட்லர் காலமும் இல்லை. அவர் ஆட்சிக்கு வந்தது 1933-ல். இது அதற்கு முந்திய நோட்கெல்ட், அதாவது அவசரப் பணம். 1914-ல் போர் தொடங்கியதும் ஜனங்கள் வெள்ளிக்காசைப் பதுக்கிவிட்டார்கள். நிக்கலும் செம்பும் ஆயுதம் செய்யப் போயின. சில்லறை இல்லாமல் கடை எப்படி நடக்கும்? நகராட்சி, சேமிப்பு வங்கி, தொழிற்சாலை என்று ஆளாளுக்குச் சின்ன நோட்டு அடித்தார்கள். அதே போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்துதான் இங்கேயும் 1917-ல் ஒரு ரூபாய் நோட்டும், அடுத்த வருஷம் இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தன. ஆனால் இங்கே அடித்தது சர்க்கார், அங்கே ஊருக்கு ஊர்.

ஊர் அடித்ததால்தான் அதில் ஊர்க்கதை ஏறியது. கோயிலுக்குக் கோயில் தலபுராணம் இருக்கிற மாதிரி, அங்கே சின்ன ஊருக்கும் சொல்ல ஒரு கதை இருந்தது. ஹாமெல்ன் கதை நடந்ததாகச் சொல்லும் வருஷம் 1284. எலிகளை ஆற்றுக்கு இழுத்துப் போனவனுக்கு ஊர் பேசிய கூலியைக் கொடுக்கவில்லை. அவன் திரும்ப வந்து குழல் ஊதி 130 பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டான். தன் ஊர் வாக்குத் தவறிய கதையைத் தன் பணத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் மேல் மரியாதையே அதனால்தான்.

நௌம்பர்க் நோட்டு எனக்கு உயிர். 1432-ல் போஹீமியாவின் மதக் கிளர்ச்சிக்காரர்களான ஹுஸைட்களின் படை ஊரை வளைத்துக்கொண்டதாம். ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு அந்தப் படையின் தளபதி புரோகோப்பிடம் கெஞ்ச அனுப்பினார்களாம். அவர் மனமிரங்கிச் செர்ரிப்பழம் கொடுத்து அனுப்பினாராம். அப்படி ஒரு முற்றுகையே நடக்கவில்லை என்பது வரலாற்றாசிரியர்கள் முடிவு. செர்ரித் திருவிழா மட்டும் வருஷா வருஷம் நடக்கிறது. நிழலுருவம் வரைந்தவர் அந்த ஊர்க்காரர் வால்டர் ஹேகே. பிற்பாடு அவ்வூர்த் தேவாலயச் சிற்பங்களைப் படம் பிடித்துப் பெயர் வாங்கியவர். அந்தக் குழந்தைகளின் கைகாலை லென்ஸ் வைத்துப் பாருங்கள், கத்தரியால் வெட்டியது போலவே இருக்கும்.

புழங்கியதா என்று கேட்டீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். மடிப்புக்கோடும் மழுங்கிய மூலையும் தெரிந்தால் கைமாறியது. மொடமொடவென்று இருந்தால் சேகரிப்பாளருக்காகவே அச்சிட்டதாக இருக்கலாம். 1920-லிருந்து ஊர்கள் கலர்கலராக செட் செட்டாக அடித்து விற்றன. வாங்கியவர் ஆல்பத்தில் வைத்துவிட்டால் ஊர் காசைத் திருப்பித் தர வேண்டாம், முழு லாபம். இப்படி விற்பதை 1922 ஜூலையில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

கொடை ஸ்டாம்ப்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. பீலஃபெல்ட் துணி நெய்கிற ஊர். அவர்கள் லினன், பட்டு, வெல்வெட் எல்லாவற்றிலும் பணம் அச்சடித்தார்கள். மைசனில் பீங்கானிலேயே காசு செய்தார்கள். அழகை மட்டும் பேசி விட்டுவிடவும் கூடாது. யூதர்களை இழிவுபடுத்தும் படங்களைப் போட்ட ஊர்களும் உண்டு. பத்து வருஷத்தில் வரப்போவது அந்தத் துண்டுக் காகிதத்திலேயே தெரிகிறது. சேகரிக்கிறவர்கள் அவற்றை ஒளித்துவைக்காமல் இன்னதென்று எழுதிவைக்க வேண்டும்.

கேத்தி பள்ளத்தாக்கு:
நம் மலைக்கு எப்படி வந்தது என்று யாருமே கேட்கவில்லையே! எங்கள் கேத்தியில் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன்காரர்கள் 1840-களிலிருந்தே இருந்தார்கள், அவர்களில் ஜெர்மானியர் நிறையப் பேர். ஆனால் முதல் போரில் ஜெர்மன்காரர்களைப் பிடித்து அடைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் 1920-க்குப் பிந்தைய நோட்டு அவர்கள் அப்போது விட்டுப்போனதாக இருக்காது. அக்கா, அந்த பங்களா துரை எந்த நாட்டுக்காரர்? டின்னில் கடித உறை ஏதும் இருந்ததா?

குன்னூர்க்காரி:
துரை பெயர்கூட வீட்டில் யாருக்கும் தெரியவில்லை தம்பி. அம்மாவின் பெரியம்மா கோத்தகிரியில் இருக்கிறார், அவரிடம் கேட்கிறேன். உறை எதுவும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா: எலி நோட்டு புத்தம் புதிது. மில்லியன் நோட்டு நாலாக மடித்துக் கிழியும் நிலையில் இருக்கிறது. அதில் ஏன் படம் இல்லை?

அருவங்காடு பழசு:
படம் போட நேரமில்லை. 1923-ல் காலையில் வாங்கிய சம்பளத்துக்கு மாலையில் மதிப்பில்லை. அச்சகங்கள் ஒரு பக்கம் அடித்ததுமே நோட்டை வெளியே அனுப்பின. நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தபோது ஒரு ரென்டன்மார்க்குக்கு ஒரு லட்சம் கோடி பழைய மார்க். மடித்த நோட்டைத்தான் நான் பத்திரமாக வைப்பேன். ஏதோ ஒரு குடும்பம் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கப் பார்த்திருக்கும்.

கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சள் கறை விடும். பாலியெஸ்டர் உறையில் தனித்தனியாகப் போடுங்கள், பிவிசி உறை வேண்டாம். டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, ஜூனில் மழை பிடிப்பதற்குள் சுவர் ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்க ஒரு மாசம் போதும். விற்பதானால் ஐந்நூறுக்கு அவசரப்பட வேண்டாம், முதலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.