சீமைக் கருவேலம் எடுத்த நிலம்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கமுதிக்காரன்:
எங்கள் சித்தப்பாவின் புஞ்சை. வருஷக்கணக்கில் தரிசாகக் கிடந்து கருவேலம் மண்டிவிட்டது. ஜேசிபி வைத்து வேரோடு எடுத்தார்கள். அப்புறம் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டார். ஐப்பசி மழை விழுந்ததும், விதைத்த மிளகாய்க்கு முன்னால் கருவேலங்கன்று முளைத்து நின்றது. ஆடு மேய்க்கும் கீதாரியைச் சத்தம் போடத்தான் போனார். கீதாரி ஒன்றும் பேசாமல் கீழே கிடந்த புழுக்கை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். உள்ளே விதை, முழுசாக. "கோடையில ஊரெல்லாம் இந்தக் கருவேல நெத்துதான் கெடக்கு. ஆடு வேற எதைத் திங்கும்?" என்றார். சித்தப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இன்றுவரை இல்லை.

வைகைக்கரை:
ஆட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஆடாவது கொஞ்சம் விதையை மென்றுவிடும், மாடு அப்படியே விழுங்கிச் சாணத்தில் போடும். எங்கள் ஊரில் மாட்டுத்தடம் முழுக்கக் கருவேலம்தான்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: நெத்து உதிரும் மாதங்களில் கிடை வேண்டாம். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கட்டும். உவரா (உப்பு மிகுந்த மண்), களரா (சோடியம் மிகுந்த மண்) என்று தெரியாமல் ஜிப்சம் போட்டால் காசுதான் வீண். ஜிப்சம் களருக்கு. உவர் என்றால் நல்ல தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழலாம். கோடையில் கண்மாயில் படிந்த வண்டல், அதுதான் கரம்பை, அதை எடுத்து வந்து அடிக்கலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார், கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டியதில்லை. புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75 வரை எடுக்கலாம்.

மூட்டக்காரர் மகள்:
எடு, பிடுங்கு என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். என் அம்மா கருவேலத்தில் கரிமூட்டம் போட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். 2017இல் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு வந்தபோது எங்கள் ஊரிலும் வெட்டினார்கள். அம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே, "எடுத்துட்டு இதுல என்ன போடப் போறாங்க?" என்று கேட்டார். வந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரை விட்டுவிட்டு மேலே அறுத்ததால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்தது. அந்த நிலத்தில் இன்னும் யாரும் ஏர் பூட்டவில்லை. என்ன விதைப்பது என்று முடிவு செய்யாமல் மரத்தில் கை வைக்கவே கூடாது.

வைகைக்கரை:
அம்மா கேட்டது நியாயம். ஆனால் கரிக்காக விட்டுவைத்தால் பக்கத்து வயல்காரர் என்ன செய்வார்? விதை அங்கேயும்தானே போகிறது?

கமுதிக்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. கரம்பை மண் இலவசம், சரி. டிராக்டர் வாடகைக்கும் ஏற்றுகூலிக்கும் இரண்டு ஏக்கர்காரர் எங்கே போவார்? அங்கேதான் சித்தப்பா நிற்கிறார். இப்போதைக்கு மழை ஈரம் காய்வதற்குள் கன்றுகளைக் கையாலேயே பிடுங்குகிறார். கொஞ்சம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், அப்புறம் கடப்பாரைதான். உங்கள் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்துக் கரம்பை அடித்திருக்கிறீர்களா? வாடகையை எப்படிப் பிரித்தீர்கள்?