ஐரிஷ் புல்லாங்குழல்: தப்பை எடுத்துச் சொல்ல டெல்டாவில் யாராவது இருக்கிறீர்களா?

குத்தாலம் உரக்கடை எழுதியது:

வணக்கம். குத்தாலத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 38. கேள்வி உரத்தைப் பற்றியது இல்லை.

தங்கை அயர்லாந்தில், லிமெரிக்கில் நர்ஸ். போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு கறுப்புக் குழல் கொண்டுவந்தாள். பார்வைக்கு மரம் மாதிரி இருக்கும், ஆனால் டெல்ரின் என்கிற பிளாஸ்டிக். மூன்று துண்டாகக் கழற்றலாம். ஆறு துளை, கிளாரினெட்டில் இருக்கிற மாதிரி கீ எதுவும் கிடையாது. டி சுருதி, நம் கணக்கில் இரண்டு கட்டை. "நீதான் சின்ன வயசுல ஊதுவியே" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சின்ன வயதில் நான் ஊதியது சரளி, ஜண்டை, அலங்காரம், இரண்டு கீதம், எல்லாம் ஆரம்பப் பாடம்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் குழலை வைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை கடைக்கு ஆள் வராது. குடோனில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊதுகிறேன். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடும், தெருவுக்குக் கேட்காது, அது ஒரு வசதி. எட்டு மாதத்தில் ஒரு ஜிக், ஒரு போல்கா, பாதி ரீல், எல்லாம் அந்த ஊர் ஆட்ட மெட்டு. கேட்டுக் கேட்டுப் பிடித்ததுதான், நோட்டேஷன் படிக்கத் தெரியாது.

பிரச்சினைக்கு வருகிறேன். ஆறு துளையையும் மூடினால் வருகிற கீழ் டி இருக்கிறதே, அது சில நாள் கோயில் மணி மாதிரி வரும், சில நாள் வெறும் காற்று. இரண்டாவது, கை பழைய பழக்கத்தை விடமாட்டேன் என்கிறது. நம் குழலில் இரண்டு துளை மூடினால் ஸ. இதில் அது ஏ, அதாவது ப. நடு மெட்டில் விரல் தானாக ஸ தேடிப் போய்விடுகிறது. மூன்றாவது, ஐந்து நிமிஷம் ஊதினால் தலை சுற்றுகிறது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? இணையத்தில் ஒரு வகுப்புக்குப் பணம் கட்டினேன். அயர்லாந்தில் ராத்திரி ஏழு என்றால் கோடைக்காலத்தில் இங்கே பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதை ஊதினாலும் "வெரி நைஸ்". நாலு வகுப்பு, நாலு வெரி நைஸ். வெளிநாட்டுக் குழு ஒன்றில் பதிவு செய்து போட்டேன், பதினாலு பேர் பதில் எழுதினார்கள். பதினாலும் அடுத்து எந்தக் குழல் வாங்கலாம் என்பதைப் பற்றி. இங்கே ஒரு நாகஸ்வர வித்வானிடம் ஊதிக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டார், முடிந்ததும் "நல்லாருக்கு, ஆனா மொட்டையா இருக்கேப்பா" என்றார்.

மொட்டையாக இருப்பது அந்த இசையின் குணமா, என் குறையா? அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் "நல்லா இருக்கு" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது தப்பைச் சொல்கிற ஒரு ஆள்.

---

ஆடுதுறை வேய்ங்குழல் எழுதியது:

தம்பி, நான் ஓய்வு பெற்ற இசை ஆசிரியன். ஐரிஷ் சங்கீதம் எனக்குத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கேட்டதில் பாதிக்கு அது தேவையும் இல்லை.

மூச்சு, உதடு, விரல் இடுக்கில் காற்றுக் கசிவது, இந்த மூன்றையும் குழல் ஊதத் தெரிந்த யாரும் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். கும்பகோணம் சரப சாஸ்திரி குழலைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மண் இது. குழல் மேதை மாலி பிறந்த திருவிடைமருதூரும் உங்களுக்குப் பக்கம்தான். குழல்காரருக்கா பஞ்சம்? நீங்கள் போனது நாகஸ்வரக்காரரிடம். அவருக்கு வாயில் சீவாளி, நாயனத்தில் செருகி ஊதுகிற நாணல் நாக்கு. உங்களுக்கு உதடுதான் சீவாளி. அதில் அவர் என்ன சொல்ல முடியும்?

கீழ் ஸ்வரம் ஒரு நாள் வந்து ஒரு நாள் வராமல் போனால் பெரும்பாலும் கசிவுதான். மேலேயிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டே, நிறுத்தாமல் ஊதி இறங்குங்கள். எந்த விரலில் நாதம் மங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. வலது கை மோதிர விரலாக இருக்கும் என்பது என் ஊகம். விரல் நுனியால் மூடப் பார்க்காதீர்கள், சதைப்பகுதியைப் படுக்கப் போடுங்கள்.

தலைசுற்றல் அதிகமாக ஊதுவதால் வருகிறது. ஊதுகிற காற்றில் பாதி துளைக்குள் போகாமல் வெளியே போகும். உதட்டு இடைவெளியை எள் அளவுக்குச் சின்னதாக்குங்கள். சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும், வீரம் காட்டக் கூடாது.

ஸ இடம் மாறுவதற்கு ஒரே வழி, ஆறும் மூடியதை ஸ என்று வாயால் சொல்லி ஒரு மாதம் சரளி வரிசை. அலுப்பாக இருக்கும், வேறு வழி இல்லை. அப்படி வைத்தால் உங்கள் குழலில் விரல் விரலாகத் திறக்கும்போது வருவது சங்கராபரண ராகம். ரி-யில் நின்று பார்த்தால் கரகரப்பிரியா, ப-வில் நின்றால் ஹரிகாம்போஜி. கிரகபேதம், அதாவது ஸ இடத்தை மாற்றி வேறு ராகம் காண்பது, படித்தவனுக்கு அந்த ஊர் மெட்டு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

இப்போது மொட்டைக்கு வருகிறேன். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் நொட்டுஸ்வரம் செய்திருக்கிறார், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். சென்னைக் கோட்டையில் வாசித்த இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அதற்கு சம்ஸ்கிருத சாகித்தியம் வைத்தது. எல்லாம் சங்கராபரண ஸ்வரம், கமகம் கிடையாது, அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பது இல்லை. அவற்றில் ஒன்றை உங்கள் குழலில் ஊதப் பழகி, ஒரு குழல் வித்வானிடம் போய் ஊதிக் காட்டுங்கள். அந்த மெட்டு அவருக்கும் தெரியும், கமகம் எங்கே என்று கேட்க மாட்டார். சுருதி, மூச்சு, விரல் மூன்றையும் மட்டும் கவனிப்பார். ஐரிஷ் மெட்டைக் கொண்டுபோனால் அவர் மெட்டைத் திருத்த ஆரம்பித்துவிடுவார், அது இரண்டு பேருக்கும் கஷ்டம்.

---

நரசிங்கம்பேட்டை கடைசல் எழுதியது:

அண்ணா, விரலைத் திட்டுவதற்கு முன்னாடி குழலைப் பாருங்கள். மூன்று துண்டு என்கிறீர்கள். பொருத்துகிற இடத்தில் நூல் சுற்றியிருக்கும். பொங்கலில் இருந்து தினம் கழற்றி மாட்டினால் நூல் தளர்ந்திருக்கும். தலையைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற இரண்டு துண்டையும் மாட்டி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, ஆறு துளையையும் மூடி, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். நல்ல குழல் என்றால் உறிஞ்சியது அப்படியே நிற்கும். நிற்காவிட்டால் பொருத்து கசிகிறது. மெழுகு தடவிய நூலை இரண்டு சுற்று கூடச் சுற்றினால் போதும்.

நாங்கள் ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிறவர்கள். நாயனத்துக்கு உள்துளை கீழே போகப் போக விரியும். இந்தக் குழலுக்கு நேர் எதிர், கீழே போகப் போக ஒடுங்கும். ஒரு தடவை ஆசைப்பட்டுச் செய்து பார்த்தேன். தலைகீழாகக் கடைந்தால் ஆச்சு என்று நினைத்தேன். மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. இப்போது அது வீட்டில் கொடி கட்ட உதவுகிறது.

இன்னொன்று. டெல்ரினுக்கு எண்ணெய் போட வேண்டாம், ஐப்பசி மழை ஈரமும் அதை ஒன்றும் செய்யாது. மரக் குழல் வாங்கினால்தான் அந்தக் கவலை.

---

கார்க்கில் ஒரு நாகப்பட்டினம் எழுதியது:

அயர்லாந்தில் கார்க் நகரத்தில் ஏழு வருஷமாக இருக்கிறேன். முதலில் தகர விசில், இப்போது குழல். வாரம் ஒரு நாள் பக்கத்து பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், போவேன். முதல் ஒரு வருஷம் அங்கே வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

வாத்தியார் ஐயா மொட்டை பற்றிச் சொன்னதை நீட்டிக்கிறேன். ஜண்டை வரிசையில் ஸஸ ரிரி என்று ஒரே ஸ்வரம் இரண்டு தடவை வரும்போது நாக்கால் தட்டாமல் விரலால் பிரிக்கப் பழகியிருப்பீர்கள். ஐரிஷ் குழலுக்கு உயிர் அங்கேதான். மேல் விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கினால் கட், கீழ் விரலால் துளையில் ஒரு தட்டு தட்டினால் டாப். ஸ்வரம், கட், ஸ்வரம், டாப், ஸ்வரம் என்று ஒரே மூச்சில் போனால் ரோல். ஆக மொட்டை இல்லை, அலங்காரம் வேறு ஜாதி. ஸ்வரத்தை வளைக்காமல் வெட்டுவார்கள். ஆனால் இதையெல்லாம் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எட்டு மாதத்தில் ரோல் போட்டால் தாளம் தடுக்கி விழும். நான் விழுந்தேன்.

முதலில் நடை. ஜிக் என்பது தகிட தகிட. ஆனால் நாம் சொல்கிற மாதிரி மூன்றும் சமமாக இருக்காது. "த" கொஞ்சம் நீளும், "கி" ஒடுங்கும், "ட" அடுத்த "த"-வைப் பிடித்துத் தள்ளும். எவ்வளவு நீளும் என்று எழுத முடியாது, கேட்டுத்தான் வரும். ஜான் மெக்கென்னா என்று ஒரு குழல்காரர், இங்கே லீட்ரிம் மாவட்டத்துக்காரர், அமெரிக்கா போய் 1920-களில் நியூயார்க்கில் இசைத்தட்டு கொடுத்தார். கரகரவென்று இருக்கும், ஆனால் மூச்சும் தாளமும் வெளிப்படையாகக் கேட்கும். மாட் மொல்லாய் என்கிற வேகமான ஐரிஷ் குழல்காரரை அப்புறம் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் ஒன்று, குழலைத் தூக்கிப் போடத் தோன்றும். இரண்டு, அந்த வேகத்தை நகல் எடுக்கப் போய்க் கை கெடும்.

கருத்துக் கேட்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. "எப்படி இருக்கு" என்று கேட்டால் "வெரி நைஸ்" தான் வரும். இவர்கள் சுபாவமே அப்படி, முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். முழு மெட்டை அனுப்பாதீர்கள். முதல் பாகம், எட்டே தாளக்கட்டம், மெதுவாக, கால் தட்டுவதும் கேட்கிற மாதிரி பதிவு செய்யுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த இடத்தில் தாளம் ஓடுகிறது?" அல்லது "மூச்சு எடுக்கிற இடம் சரியா?" அப்படிக் கேட்டால் இதே ஆட்கள் இரண்டு பக்கம் எழுதுவார்கள்.

மெட்டுகளுக்கு "தி செஷன்" இணையதளம் இருக்கிறது. ஒரே மெட்டுக்கு ஏழெட்டுப் பாடம் இருக்கும், பயப்பட வேண்டாம். ஷிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓநீல், அவரே குழல்காரர், 1903-இல் 1850 மெட்டுகளை அச்சில் கொண்டுவந்தார். அதிலும் எலும்புக்கூடுதான் இருக்கும், சதை கேட்டுத்தான் வரும். நோட்டேஷன் தெரியாதது உங்களுக்குக் குறையே இல்லை.

தங்கை லிமெரிக்கில் என்றால் பக்கத்து மாவட்டம் கிளேர். அங்கே மில்டவுன் மால்பேயில் ஜூலையில் வில்லி கிளான்சி கோடை இசைப் பள்ளி நடக்கும், 1973-இல் இருந்து நடக்கிறது. காலையில் வகுப்பு, மற்ற நேரம் ஊர் முழுக்க வாசிப்பு. அவளுக்கு லீவு கிடைத்தால் ஒரு நாள் போய், அனுமதி கேட்டு, மெதுவாக வாசிக்கிற ஒரு வயசானவரை உங்களுக்காகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதோடு ஐரிஷ் இசையை வளர்க்கிற கோல்டஸ் அமைப்புக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு, அங்கே விசாரிக்கலாம். "வெரி நைஸ்" வாத்தியார் தவிர வேறு வாத்தியார்களும் இருக்கிறார்கள்.

---

குத்தாலம் உரக்கடை எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சம்பா நடவு, கடையில் மூச்சு விட நேரமில்லை.

நரசிங்கம்பேட்டைத் தம்பி, உறிஞ்சிப் பார்த்தேன். நிற்கவே இல்லை. நடுத்துண்டும் கால்துண்டும் சேருகிற இடத்தில் நூல் பஞ்சாகிப் போயிருந்தது. பூக்கட்டும் நூலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சுற்றினேன். எட்டு மாதமாக என் உதட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்! ஆனால் முழுக் குற்றமும் நூல் மேல் இல்லை. ஐயா சொன்ன மாதிரி விரல் விரலாக மூடி இறங்கினால் மோதிர விரலில் நாதம் மங்கத்தான் செய்கிறது. படுக்கப் போட்டுப் பழகுகிறேன்.

மாயவரத்தில் ஒரு குழல் வாத்தியாரிடம் நொட்டுஸ்வரம் ஊதிக் காட்டினேன். இரண்டு நிமிஷத்தில் நாலு தப்பு சொன்னார். அதில் ஒன்று, நான் குழலை உள்பக்கமாக அதிகம் உருட்டிப் பிடிக்கிறேன், அதனால் சுருதி இறங்குகிறது என்பது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பம்புண்ணாக்கு ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாகப்பட்டினம் அக்கா, ஜிக்கின் முதல் பாகம், நாற்பது நொடி, குடோனில் பதிவு செய்தது, இணைத்திருக்கிறேன். ஒரே கேள்வி: மூச்சு எடுக்கிற இடம் சரியா?

---

கார்க்கில் ஒரு நாகப்பட்டினம் எழுதியது:

கேட்டேன். சரியில்லை. நாலாவது கட்டம் முடிந்ததும் ஒரு மூச்சு, எட்டாவது முடிந்ததும் ஒரு மூச்சு. கமா போட்ட மாதிரி அதே இடத்தில் நிற்கிறீர்கள், ஆடுகிறவன் காலும் அங்கே நின்றுவிடும். மூன்றாவது கட்டத்தில் வருகிற இரண்டாவது "கி"-யை ஊதாமல் விட்டுவிடுங்கள், அந்த ஓட்டையில் மூச்சை எடுங்கள். ஸ்வரம் ஒன்று போனால் போகட்டும், தாளம் நிற்கக் கூடாது. திரும்ப வாசிக்கும்போது வேறு இடத்தில் ஒரு ஸ்வரத்தை விடுங்கள்.

கீழ் டி நன்றாக வருகிறது. இருபத்தைந்தாவது நொடியில் யாரோ "டிஏபி வந்துருச்சா?" என்று கேட்கிறார், அங்கேயும் தாளம் தப்பவில்லை.

---

குத்தாலம் உரக்கடை எழுதியது:

அது எங்கள் தெரு முனை வீட்டுப் பெரியப்பா. மறுநாள்தான் டிஏபி உர லோடு வந்தது. அந்தக் "கி"-யை விட்டு ஊதிப் பார்த்தேன் அக்கா. மூச்சு எடுக்க ஞாபகம் வருகிறது, அதற்குள் விரல் அந்த ஸ்வரத்தையும் ஊதிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அனுப்புகிறேன்.