புதுப்பிப்பு: கொச்சி யூதர்களின் வம்சாவளித் தேடல்

கொச்சி யூதக் குடும்பங்களின் வேர்களை எங்கிருந்து தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வழி தெரிகிறது.

முதலில் கல்லறைக் கற்கள். இறந்தவரோடு தந்தை பெயரும் இருந்தால், இன்னொரு தலைமுறை கிடைத்துவிடும். கேரளத்துச் சேந்தமங்கலத்தில் சாரா என்ற பெண்ணின் கல் 1269-ஐச் சேர்ந்தது! பிறகு திருமண ஒப்பந்தங்கள்.

என்னை மிகவும் நெகிழவைத்தவை பெண்களின் பாட்டு நோட்டுகள். யூத மலையாளத்தில், அதாவது கொச்சி யூதர்கள் பேசிய மலையாள வழக்கில், அமைந்த பாட்டுகளை மலையாள எழுத்தில் கையால் படியெடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். மற்ற ஆவணங்களில் அதிகம் தென்படாத பெண்களை இவற்றில்தான் சந்திக்கிறோம். பல நோட்டுகளின் பிரதிகள் ஜெருசலேமில் பென் ஸ்வி ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததால், அவர்கள் அங்கே குடியேறிய ஊர்களில் ஒன்றான நெவாடிம் கிராமத்து அருங்காட்சியகத்தையும் விசாரியுங்கள்.

வீட்டில் பழைய நோட்டு இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாருடையது என்று பாட்டியிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.