சோலிங்கன் சவரக்கத்தி: செல்லுலாய்டு பிடியைக் கழற்றலாமா, கூடாதா?

லீட்ஸ்_கோபி:
போன ஞாயிறு இங்கே பழைய சாமான் சந்தையில் 12 பவுண்டுக்கு ஒரு மடக்கு சவரக்கத்தி வாங்கினேன். வாலில் சோலிங்கன் (கத்திக்குப் பேர் போன ஜெர்மன் ஊர்), ஜெர்மனி இரண்டும் பொறித்திருக்கிறது. அலகைக் குழிவாகச் சாணை பிடித்திருக்கிறார்கள். கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக அழுத்தினால் விளிம்பு வளைகிறது. அலகின் முகத்தில் தங்கப் பூச்சில் ஏதோ எழுத்து, பாதிதான் தெரிகிறது. என்னை விழ வைத்தது பிடி. தந்த நிறம், அதில் கூந்தலை விரித்துப் போட்ட ஒரு பெண், அந்தக் கூந்தலே கொடியாகிக் கடைசி ஆணிவரை ஓடுகிறது. தந்தம் இல்லை, செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். தேய்த்து முகர்ந்தால் சூடம் வாசனை. அலகில், பிடிக்குள் மடங்குகிற பகுதியில் மட்டும் துரு. பிடியை மாற்றவா, விடவா?

பட்டறைக்காரன்:
யோசிக்கவே வேண்டாம், கழட்டுங்க. செல்லுலாய்டுன்னா நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும். வயசாச்சுன்னா நைட்ரஜன் ஆக்சைடு வாயு விடும், காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்தா நைட்ரிக் அமிலம். நூறு வருஷமா உங்க கத்தி எங்க படுத்திருந்துச்சு? அதுக்குள்ளதான். எருமைக் கொம்புத் தகடு வாங்கி அறுத்து, பித்தளை ஆணி அடிச்சா முடிஞ்சது. அலகை பஃப் வீல்ல, அதான் மெருகேத்தற மோட்டார் சக்கரத்துல காட்டுங்க, முகம் பார்க்கலாம்.

பழம்பொருள்_பித்து:
பஃப் வீலா! அண்ணே, அது அரிவாள் இல்லை. குழிச்சாணை அலகு விளிம்புப் பக்கம் தாள் மாதிரி. சக்கரம் கவ்வினால் கத்தி இரண்டு துண்டு, ஒன்று உங்கள் கையில் ஏறும். சூடு 200 டிகிரியைத் தாண்டினாலே பதம் இறங்க ஆரம்பிக்கும். நீலம் பாய்ந்தால் அதோடு சரி. தங்க எழுத்து முதல் சுற்றிலேயே காணாமல் போகும்.

பிடிக்கு வருகிறேன். ஜெர்மனி என்று பொறித்ததற்கே ஒரு காரணம் உண்டு. 1890இல் வந்த அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்றது. கூந்தல் கொடியாகும் பெண் 1900ஐ ஒட்டிய ஆர்ட் நூவோ என்ற வளைகொடி அலங்காரப் பாணியின் கைவரிசை. அந்தப் பிடிதான் இந்தக் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். கொம்பு போட்டால் ஊர் பேர் தெரியாத இன்னொரு கத்தி, அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்:
வீல் விஷயத்துல சரண்டர், வாய் முந்திடுச்சு. எண்ணெய், உப்புத்தாள், கை, போதும். ஆனா பிடி உடைஞ்சா மாத்தறது அந்தக் காலத்துலயே நடந்ததுதான். அதுக்காகத்தான் ஒட்டாம ஆணி அடிச்சான். சவரக்கத்தி சவரம் பண்ணணும். பொம்மைக்காக இரும்பைக் கொல்லச் சொல்றீங்க.

கண்ணாடிக்குடுவை:
எல்லா செல்லுலாய்டும் ஒரே மாதிரி அழுகாது. ஆமை ஓடு போல ஒளி ஊடுருவும் வகைதான் மோசம். வெள்ளைக்காகத் துத்தநாக ஆக்சைடு கலப்பார்கள், அது உண்டாகிற அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். தந்த நிறப் பிடிகள் பல இன்னும் திடமாக இருப்பது அதனால்தான். சூடம் வாசனை நோய்க்குறி இல்லை. வலை போன்ற நுண்வெடிப்பு, பிசுபிசுப்பு, மூக்கைக் குத்தும் நெடி இருக்கிறதா பாருங்கள். நீல லிட்மஸ் தாளை நனைத்துக் கத்தியோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள், அமிலம் இருந்தால் சிவக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வேலை வேண்டாம், குப்பென்று பற்றும்.

ரொறன்ரோ_சிவா:
என்னட்டையும் ஒண்டு இருந்தது, ஆமையோட்டு நிறம். பிடி பொரிஞ்சு போச்சு, அலகும் அதோட போச்சு. பக்கத்தில கிடந்த மற்றக் கத்தியிலயும் துரு ஏறிட்டுது. தம்பி, என்ன செய்தாலும் இதைத் தனிய வையுங்கோ.

லீட்ஸ்_கோபி:
வைத்துப் பார்த்தேன். தாள் நீலமாகவே இருக்கிறது. வெடிப்பு, நெடி எதுவும் இல்லை. ஆனால் அலகைத் தாங்கும் ஆணியைச் சுற்றி ஒரு பக்கம் பச்சை.

பட்டறைக்காரன்:
பச்சை இருக்கில்ல!

கண்ணாடிக்குடுவை:
பித்தளை வெறும் ஈரத்திலும் பச்சை பிடிக்கும். சவரம் முடித்து ஈரத்தோடு மடக்கினாலும் துரு அதே இடத்தில்தான் வரும். யாரோ ஒருவர் துடைக்காமல் மடக்கியிருக்கிறார்.

பட்டறைக்காரன்:
அடுத்த வருஷம் தாள் சிவக்காதுன்னு எழுதித் தருவீங்களா? கழட்டுங்க, பொம்மைப் பிடி தனி டப்பாவுல, அலகுக்குக் கொம்பு. ரெண்டும் பிழைக்கும்.

பழம்பொருள்_பித்து:
கழட்டுவது எப்படி? ஆணித் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். இத்தனை வயதான செல்லுலாய்டு துளையில் இருந்தே விரியும். அழுகாத பிடியைக் காப்பாற்றுகிறேன் என்று நாமே உடைப்பானேன்?

லீட்ஸ்_கோபி:
ஆணியைத் தொடவில்லை. ஐஸ்கிரீம் குச்சியில் 1000 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, எண்ணெய் தொட்டு, எழுத்து இருக்கிற இடத்தை விட்டுவிட்டு இரண்டு ராத்திரி தேய்த்தேன். மேல்துரு போய்விட்டது, குழி விழுந்த இடம் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, விளிம்பில் குழி இல்லை. இனி மற்ற கத்திகளோடு சேர்க்காமல், காற்றோட்டமாக, மடக்காமல் வைக்கப் போகிறேன். மாதம் ஒரு லிட்மஸ் தாள். பட்டறைக்கார அண்ணே, கொம்புத் தகடு எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

பட்டறைக்காரன்:
அப்படி வாங்க வழிக்கு. பிடி நீளம், ஆணிக்கு ஆணி இடைவெளி ரெண்டும் அளந்து போடுங்க.