டிரெயின் பைப் படத்தைப் போடு

சனி, மாலை 6:12

நான்: டர்போ ஏறிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆனது. கையெல்லாம் கறுப்பு, முதுகு போய்விட்டது.

[படம்]

அக்கா: முதுகு மட்டும்தானா? அவரும் இங்கே முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

சித்தி: கண்ணா, நத்தை மாதிரி இருக்கிறதே, இதுதான் அந்த டர்போவா? இது என்ன செய்யும்?

அத்தான்: சைலென்சர் வழியாக வீணாகப் போகிற புகை இருக்கிறது இல்லையா சித்தி, அது போகிற வழியில் ஒரு சின்ன விசிறியைச் சுற்றிவிட்டுப் போகும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம், இழுவை வரும். முன்பு இருந்தது சின்னது, இப்போது போட்டது பெரியது.

பெரிய மாமா: அதெல்லாம் சரி. மாப்பிள்ளை, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஆயில் ஊற்றினாயா?

நான்: ஊற்றினேன் மாமா. டர்போவுக்கு ஆயில் வருகிற ஃபீட் லைன் ஓட்டையில் ஊற்றி, விசிறியை விரலால் சுற்றிவிட்டேன். அப்புறம் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் பிடிக்காமல் சும்மா சுற்றும்படி பத்துப் பத்து வினாடியாக நான்கு தடவை கிராங்க். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் ஃபியூஸைப் போட்டேன்.

பெரிய மாமா: பிழைத்தாய். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். பேரிங்கில் இரும்பும் இரும்பும் தொடாது, நடுவில் ஆயில் படலம்தான் தாங்குகிறது. காய்ந்துபோய் ஓடினால் முதல் நாளே முடிந்துவிடும். பழைய ஃபீட் லைனை மாற்றினாயா?

நான்: புதிது போட்டேன். பழையதன் உள்ளே பாதி அடைத்துக் கரி இருந்தது.

பெரிய மாமா: பழைய டர்போ ஏன் செத்தது என்று இப்போது தெரிகிறதா?

ஞாயிறு, காலை 9:40

நான்: மாமா, பிரச்சினை. சூடானதும் ஐடிலில் நீலப் புகை வருகிறது. ரோட்டில் பழையபடிகூட இழுக்கவில்லை. டர்போ திணிக்கிற காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், 0.8 பார் வர வேண்டும், 0.4 தாண்டவில்லை. ஸ்கேனரில் பி0299, பூஸ்ட் குறைவு என்று காட்டுகிறது.

[வீடியோ]

அக்கா: கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி இருக்கிறதுடா.

நான்: டர்போ சீல் போய்விட்டது என்று நினைக்கிறேன். கழற்றி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பெரிய மாமா: கொடுக்காதே. எல்லாரும் முதலில் டர்போவைத்தான் திட்டுவார்கள். இன்லெட் ஹோஸைக் கழற்று. என்ஜின் ஆறியதும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது.

நான்: பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது. முன்பின் அசைவே இல்லை. விசிறி சுவரில் உரசவில்லை.

பெரிய மாமா: அப்படியானால் டர்போ நல்லது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்குகிற டிரெயின் பைப் படத்தைப் போடு.

[படம்]

பெரிய மாமா: கீழே இருந்து எடு. என்ஜின் அடியில் ஆயில் சேர்கிற சம்ப் தெரிய வேண்டும்.

[படம்]

பெரிய மாமா: அடப்பாவி. என்ன இது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கிற வளைவு மாதிரி? கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறி சம்புக்குள் போகிறதே.

அத்தான்: கிட்டில் வந்த ஹோஸ் நீளமாக இருந்தது மாமா. வெட்ட மனசு வரவில்லை.

பெரிய மாமா: டர்போவுக்குள் ஆயில் போவது அழுத்தத்தில். வெளியே வருவது தன் எடையில், அதுவும் நுரையோடு. வழியில் ஒரு குழி இருந்தால் தேங்கும். தேங்கினால் மேலே நிரம்பி, புகை போகிற பக்கம் கசியும். அங்கே இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம்தான். நிரம்பி நிற்கிற ஆயிலை அது பிடித்து வைக்காது.

பெரிய மாமா: இன்னொன்று. பைப்பை போல்ட் போட்டு மாட்டுகிற ஃபிளாஞ்ச் ஓரத்தில் சிவப்பாகத் தெரிகிறதே, அது என்ன?

நான்: கேஸ்கெட்டோடு கொஞ்சம் சிலிக்கான் பேஸ்ட் தடவினேன். கசியாமல் இருக்கட்டும் என்று.

பெரிய மாமா: 😡 கழற்று.

சித்தி: அண்ணா, பையனைத் திட்டாதே. பாவம்.

பெரிய மாமா: நீ சும்மா இரு. கேஸ்கெட் இருக்கிற இடத்தில் பேஸ்ட் எதற்கு?

பகல் 12:25

நான்: மாமா, படத்தைப் பாருங்கள். பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, சிவப்புப் புழு மாதிரி ஓட்டையில் பாதியை அடைத்திருக்கிறது. கிள்ளி எடுத்தேன். புதுக் கேஸ்கெட் மட்டும் போட்டாயிற்று. ஹோஸில் நான்கு விரல் நீளம் வெட்டினோம். இப்போது நேராக இறங்குகிறது.

பெரிய மாமா: உடைந்த துண்டு எதுவும் சம்புக்குள் போகவில்லையே?

அத்தான்: இல்லை, துண்டுகளை ஒட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தோம்.

பெரிய மாமா: நல்லது. புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிட்டிக்கிலும் சைலென்சரிலும் ஏற்கெனவே தேங்கிய ஆயில் எரிந்து தீர வேண்டும். கொஞ்ச நேரம் புகை வரத்தான் செய்யும், பதறாதே.

பகல் 1:10

நான்: புகை நின்றுவிட்டது!! ஆனால் பூஸ்ட் அதே 0.4தான்.

பெரிய மாமா: அது தனி நோய். காற்று எங்கேயோ வெளியே போகிறது. டர்போ வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வ் வைத்து, கம்ப்ரெசரில் 0.7 பார் கொடு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே, ஹோஸ் கழன்றால் அறையும்.

நான்: தடவ ஒரு ப்ரஷ் வேண்டுமே. சரி, கிடைத்தது.

பகல் 2:35

[வீடியோ]

நான்: டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் கீழ் ஹோஸ். கிளாம்ப், குழாய் விளிம்பின் புடைப்பு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சோப்பு அங்கே மட்டும் குமிழ் குமிழாகப் பொங்குகிறது. சும்மா பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரிகிறது.

அத்தான்: நான் போட்ட கிளாம்ப். ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன்.

பகல் 3:20

நான்: கிளாம்பைப் புடைப்புக்குப் பின்னால் தள்ளிப் போட்டோம். 0.6 வருகிறது. இன்னும் 0.2 எங்கே?

பெரிய மாமா: வேஸ்ட்கேட் என்கிற புகைக் கதவைத் திறந்து மூடுகிற ஆக்சுவேட்டர் ராட். அந்தச் சின்ன கதவு முழுதாக மூடாமல் நின்றால், விசிறிக்குப் போக வேண்டிய புகை குறுக்கே ஓடிவிடும். கிளிப்பைக் கழற்றி, கதவைக் கையால் மூடிப் பிடி. ராட் முனை ஓட்டை, கதவுக் கையில் நீட்டிக்கொண்டிருக்கிற பின்னில் தானாக விழுகிறதா, இழுத்து மாட்ட வேண்டியிருக்கிறதா?

நான்: தானாக விழுகிறது. கொஞ்சம் தாண்டியே போகிறது.

பெரிய மாமா: அதுதான். ராட் நீளம் கூடிப்போயிருக்கிறது. முனையைத் திருகி, அந்தப் பின்னை எட்ட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி வை. இழுத்து மாட்டு. அப்போதுதான் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கதவை அழுத்திப் பிடிக்கும்.

மாலை 4:45

நான்: 0.8!!! ஸ்கேனரில் பி0299உம் வரவில்லை. மாமா 🙏🙏

அத்தான்: இன்னும் இரண்டு சுற்றுத் திருகினால் 1 பார் வருமே மாமா?

பெரிய மாமா: வரும். பிஸ்டனும் கையில் வரும். இன்ஜெக்டர், கம்ப்யூட்டரில் இருக்கிற பெட்ரோல் மேப், பிளக் எல்லாம் 0.8க்குத்தானே போட்டிருக்கிறீர்கள்? பூஸ்டை மட்டும் ஏற்றினால் பெட்ரோல் போதாது, நாக் ஆகும், அதாவது உள்ளே கண்டபடி வெடிக்கும். டியூனரிடம், காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுகிற வைட்பேண்ட் சென்சாரோடு பார்க்கிற வரைக்கும் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதே.

நான்: சரி மாமா. ஒரு சந்தேகம். முன்பு என்ஜின் 2000 சுற்றிலேயே இழுக்கும். இப்போது 2800 வரை தூங்குகிறது.

பெரிய மாமா: பெரிய விசிறி வேண்டும் என்று கேட்டது யார்? அது சுழன்று எழ நேரம் எடுக்கும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. டர்போவைப் பிடித்திருக்கிற ஸ்டட் நட்டுகளை மட்டும் என்ஜின் ஆறியதும் ஒரு தடவை இறுக்கிப் பார். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்று. ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பார்த்து, உலோகத் தூள் மினுமினுப்பு தெரிந்தால் எனக்குப் படம் அனுப்பு.

சித்தி: அப்படியானால் வண்டி சரியாகிவிட்டதா இல்லையா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

நான்: சரியாகிவிட்டது சித்தி.

மாலை 6:30

அக்கா: குளியலறையில் இருந்த என் நீல டூத் ப்ரஷ் எங்கே?

அக்கா: தம்பி, நீ ஆன்லைனில் இருப்பது தெரிகிறது.